பூரிக்குப் போட்ட பொடி

நவம்பர் 3, ஞாயிறு

பூரியை நாய் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம். போகாமலே இருந்திருக்கலாம்.

பூரி எங்கள் லாப்ரடார். ஒன்பது வயதாகிறது. குட்டியாக வந்தபோது வயிறு உப்பி உருண்டையாக இருந்தாள் என்று மகன் வைத்த பெயர். அவன் இப்போது கனடாவில் இருக்கிறான். நாய் எங்களிடம் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து காலையில் எழுந்திருக்க முக்குகிறாள், பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். காரில் ஏற முடியவில்லை. இவர்தான் தூக்கி வைத்தார். தூக்கியதில் இவருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது.

டாக்டர் ஒரு சின்னப் பெண். இந்துமதி என்று பெயர். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, இடுப்பு மூட்டு தேய்ந்து வாதம் வந்திருக்கிறது என்றாள். அப்புறம் பூரியை எடை மெஷினில் ஏற்றினாள். முப்பத்தொன்பது கிலோ. "என்னம்மா சாப்பாடு குடுக்கறீங்க?" என்றாள். நெய் சாதம் என்று சொல்லி நான் வாயை மூடவில்லை, அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "அப்ப வயசு பாதி, உங்க நெய் பாதி" என்று சிரித்தாள். ஒரு அம்மாள் தன் பொமரேனியனை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. நாயை நானே முடமாக்கின மாதிரி அல்லவா பேசுகிறாள்.

வலிக்கு மாத்திரை எழுதினாள். மாதக்கணக்கில் கொடுக்க வேண்டுமாம். கிட்னி என்ன ஆகும் என்று கேட்டேன். நடுநடுவே ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். டெஸ்ட் பண்ணிக்கொண்டே கொடுக்கிற மாத்திரை என்ன மாத்திரை? "நான் பொடியிலேயே சரி பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மருந்துச் சீட்டு மேஜை மேலேயே கிடந்தது. இவர் காருக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பணம் கட்டிவிட்டு வந்தாராம்.

நவம்பர் 6, புதன்

இன்றைக்குப் பொடி இடித்து முடித்தேன். நிழலில் காய்ந்த பிரண்டை, அமுக்கரா, மஞ்சள், துளி மிளகு. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் பிரண்டையை நறுக்கினேன். அப்படியும் ராத்திரி வரை அரிப்பு நிற்கவில்லை.

எங்கள் காலனியில் என் பொடி போகாத வீடு கிடையாது. பருப்புப் பொடி, அங்காயப் பொடி, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பொடி, சளிக்கு ஒரு பொடி. யாரிடமும் காசு வாங்கியதில்லை. கலாமணி வீட்டுப் பொடி என்றால் அதற்கு ஒரு பேர் இருக்கிறது. எலும்பு முறிந்த மனுஷனுக்கே கேட்கிற பிரண்டை, நாய்க்குக் கேட்காதா?

நவம்பர் 7, வியாழன்

தயிர்சாதத்தில் பிசைந்து வைத்தேன். தட்டை நக்கிவிட்டாள். நெய்யை நிறுத்திவிட்டேன். அந்தப் பெண் சொன்னதற்காக இல்லை.

நவம்பர் 9, சனி

அதிசயம். இவர் காலையில் தானாக எழுந்து பூரியை வாக்கிங் கூட்டிப்போகிறார். மில்லில் இருந்து ரிட்டயர் ஆனதிலிருந்து ஏழு மணிக்கு முன்னால் கண் திறக்காத ஆள். "டாக்டரு நடக்கச் சொன்னாங்கல்ல" என்றார். பேக்கரி வரை போய் ஒரு டீ, பூரிக்கு ஒரு பன். "நாயி எளைக்கணும்னு சொல்லிட்டுப் பன்னு வாங்கித் தர்றீங்களாக்கும்" என்றேன். "ஒரு துண்டுதான்" என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

பூரி நடக்கிறாள். இழுக்காமல், முக்காமல் நடக்கிறாள். பால்காரன் மணி அடித்ததும் கேட்டுக்கு ஓடினாள். நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீடியோ எடுத்துக் காலனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். என்ன மருந்து, என்ன மருந்து என்று கேட்டு ஒரே செய்தியாக வந்துகொண்டிருக்கிறது. "பிரண்டைப் பொடி. டாக்டர் கைவிட்டது" என்று போட்டேன். டாக்டர் கைவிடவில்லைதான். படிக்க நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

இவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "நல்லா நடக்குறா" என்றார். அவ்வளவுதான். இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு பாராட்டு வந்துவிடுமா?

நவம்பர் 24, ஞாயிறு

சாயங்காலம் பார்க்கில் எல்லாரும் பூரியைச் சுற்றி நின்றார்கள். கடைசி வீட்டுத் தனபாக்கியமும் வந்திருந்தாள். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவளுக்கு எல்லாமே சிங்காரம்தான். நாட்டு நாய், பன்னிரண்டு வயது, அதற்கும் இதே மூட்டுவாதம். அந்த இந்துமதியிடம்தான் காட்டுகிறாள். மெதுவாக என்றாலும் பார்க்கை ஒரு சுற்று சுற்றி வருகிற நாய்தான்.

ஒரு டப்பா பொடி கொடுத்தேன். மாத்திரையைப் பற்றி என்னவோ கேட்டாள். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"உங்க கை ராசிங்க்கா" என்றாள். வீட்டுக்கு வருகிறவரை அது காதிலேயே இருந்தது.

டிசம்பர் 4, புதன்

இவருடைய அக்கா பேத்திக்குத் திண்டுக்கல்லில் கல்யாணம். இவர் மட்டும் கிளம்பினார். பூரியை விட்டுவிட்டு நான் எங்கே போவது? கிளம்பும்போது வாசலில் நின்று நின்று பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரி, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் 6, வெள்ளி

பூரி எழுந்திருக்கவில்லை. வழவழ டைல்ஸில் பின்னங்கால் ரெண்டும் பக்கவாட்டில் சறுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பொடியை ரெண்டு மடங்காகப் போட்டேன். மதியமும் போட்டேன். அமுக்கரா பழசாக இருக்குமோ? கடைக்காரனை உண்டு இல்லை என்று பண்ணுகிறேன்.

இவர் போன் பண்ணினார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பூரி எப்படி நடக்குறா?" என்றுதான் கேட்டார். நல்லா நடக்கிறாள் என்றேன். எதற்குப் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 7, சனி

மறுவீட்டுக்குக்கூட இருக்காமல் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் பூரி பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தடவினார். பிறகு அவளைப் பாதி தூக்கிப் பாதி நடத்தி வெளியே கூட்டிப்போனார். "பயணம் பண்ணி வந்த களைப்புல இப்ப எதுக்கு வாக்கிங்?" என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி போய்விட்டார்.

டிசம்பர் 10, செவ்வாய்

பூரி பழையபடி நடக்கிறாள். புது அமுக்கரா வாங்கி இடித்த பொடி. அதுதான்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். விளக்கு வைத்துவிட்டுப் பொரி உருண்டையோடு தனபாக்கியம் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரே ஒரு விளக்கு. உள்ளே சிங்காரம் பழைய புடவை மேல் படுத்திருந்தது. வால் மட்டும் ஆடியது. ஒன்றுக்குக்கூடப் படுத்த இடத்திலேயே போகிறதாம்.

"வேள தவறாமத்தான் பொடி போடறேனுங்க்கா. பூரி ஓடறா, இவன் எந்திரிக்கவே மாட்டீங்கறான். நான் ஏதாச்சும் தப்பா குடுக்கறனா?" என்று கேட்டாள்.

வெறும் வயிற்றில் கொடுத்துப் பார் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

டிசம்பர் 18, புதன்

கத்தரிக்காய் கிலோ அறுபது. கூட்டு வைத்தேன், உப்பு போட மறந்துவிட்டேன். கேஸ் வந்தது.

எழுத வேறு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 19, வியாழன்

இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்றுக் காலை தயிர் வாங்கப் பேக்கரிப் பக்கம் போனேன். இவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பூரி எதிரில். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கி, பன்னைப் பிட்டு அதற்குள் வைத்து அழுத்திக் கொடுத்தார். பூரி மெல்லாமல் விழுங்கினாள். இவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு டீயைக் குடித்தார். தினமும் செய்கிற வேலை என்று பார்த்தாலே தெரிந்தது. தயிர் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

இன்று சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டேன். இவர் ஒளிக்கவில்லை.

"அன்னிக்கே சீட்ட எடுத்துட்டு வந்துட்டேன். போன வாரம் ரத்த டெஸ்டும் பண்ணிட்டேன். கிட்னி நல்லா இருக்கு."

"நகம் வெட்டக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களே, அதா?"

"ம்."

"இத்தன பேருகிட்ட நான் பொடி, பொடின்னு பேசிட்டுத் திரியறேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ மாத்திரைய நிறுத்திருவ. சொல்லாட்டி பூரி நடப்பா. உனக்கும் சந்தோசமா இருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன்."

அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டே கேட்டார், "தனபாக்கியம் நாய்க்கு ரொம்ப முடியலையாமா? அவங்கதான் மாத்திரையும் குடுக்கறாங்களே?"

நான் தரையில் சிந்திய பருக்கையைப் பொறுக்கினேன்.

"நிறுத்திட்டாங்களா? யாரு நிறுத்தச் சொன்னது?"

நான் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கலா, நீ சொன்னியா?"

நான்தான் சொன்னேன். அன்றைக்கு "எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறேனே, அந்தப் பேச்சு இதுதான்: "அந்த விஷத்தத் தூக்கிக் குப்பையில போடுங்க தனம், கிட்னியத் தின்னுரும். என்ற பூரி ஒரு மாத்திர தொட்டதில்ல." பார்க்கில் அத்தனை பேர் முன்னால், குரலை உயர்த்திச் சொன்னேன்.

டாக்டர் அன்று சொன்ன இன்னொன்றையும் நான் இங்கே எழுதவில்லை. "பொடியும் குடுங்கம்மா, நான் வேண்டாங்கல. மாத்திரையோட சேத்துக் குடுங்க. என்னென்ன போடறீங்கன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிடுங்க." அவள் தன்மையாகத்தான் சொன்னாள். நெய்யைப் பற்றிச் சொன்னதிலேயே என் காது அடைத்துப்போயிருந்தது.

"நான் போய்ச் சொல்லிட்டு வரட்டா?" என்று இவர் கேட்டார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 20, வெள்ளி

போனேன். எங்கள் மரத்து முருங்கைக்கீரை ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போக என்னவோ போல் இருந்தது.

தனபாக்கியம் கண்ணெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை டாக்டரை வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறாளாம். ஊசி போட்டு அனுப்பிவிடப் போகிறாளாம்.

"அவசரப்படாதீங்க தனம். அந்த மாத்திரைய வேணா இன்னொருக்கா குடுத்துப் பாக்கலாமே" என்றேன்.

"இல்லீங்க்கா. நீங்கதான சொன்னீங்க, கிட்னியத் தின்னுரும்னு. சாகப்போற நேரத்துல அத வேற எதுக்கு? பூரிக்குக் கேட்ட பொடி இவனுக்குக் கேக்கலைன்னா, இவன் காலம் முடிஞ்சுருச்சுன்னுதான் அர்த்தம். அதத்தான் மனசத் தேத்திக்கிட்டேன். பூரிய மட்டும் பாக்கலைன்னா எனக்கு இந்தத் தெளிவே வந்திருக்காது."

இதைக் கேட்டபோதாவது சொல்லியிருக்க வேண்டாமா? பூரி நடந்தது மாத்திரையில் என்று ஒரு வரி. அதைச் சொன்னால் அந்த நாய் பிழைக்கலாம். வாய்வரை வந்தது. அவள் என் கையைப் பிடித்து, "நீங்க இல்லைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். நான் கீரையை எப்படி ஆய்வது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இவர் வாசலிலேயே நின்றிருந்தார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

டிசம்பர் 22, ஞாயிறு

ரெண்டு தரம் செருப்பு மாட்டினேன், ரெண்டு தரம் கழற்றினேன். வெட்கங்கெட்டவள். பூரியைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. அது பாட்டுக்கு என் காலடியில் வந்து படுக்கிறது.

மத்தியானம் இவர், "மாத்திர ஆரம்பிச்சுட்டாங்களாமா?" என்று கேட்டார். ஆரம்பித்துவிட்டாள் என்றேன். ரசம் ஊற்றினேன்.

டிசம்பர் 23, திங்கள்

பத்து மணிக்குத் தெருவில் அந்த டாக்டரின் கார் போனது. ஜன்னலில் பார்த்த இவர், "கடைசி வீட்டுக்கா போகுது? எதுக்கு?" என்று என் பக்கம் திரும்பினார். நான் செருப்பு போடாமல் ஓடினேன். ஓடினேன் என்றால் என் வயதுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

பின்கட்டில் பொள்ளாச்சியிலிருந்து வந்த தனபாக்கியத்தின் தம்பி மண்வெட்டியோடு நின்றிருந்தார். குழி வெட்டி முடித்திருந்தார். கூடத்தில் டாக்டர் மண்டி போட்டு உட்கார்ந்து சிங்காரத்தின் காலில் மயிரை மழித்துக்கொண்டிருந்தாள். தனபாக்கியம் நாயின் தலையை மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்க்கா. நீங்களும் ஒருக்கா தடவிக் குடுங்க."

"கொஞ்சம் இருங்க டாக்டர்" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. "தனம், பூரி என்னோட பொடியில நடக்கல. மாத்திரையிலதான் நடக்குறா. மொதல்ல இருந்தே எனக்குத் தெரியாம இவரு பன்னுல வெச்சுக் குடுத்துட்டு இருந்திருக்காரு. இவரு ஊருக்குப் போன நாள்ல அவளும் எந்திரிக்கல. அதையும் நான் யாருகிட்டயும் சொல்லல."

 டாக்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாத்திரைய நிறுத்திட்டீங்களா?" என்று தனபாக்கியத்தைக் கேட்டாள். "எந்த மருந்தும் கேக்கலைன்னு போன்ல சொன்னீங்க. நான் அதையும் குடுத்துட்டு இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்."

தனபாக்கியம் தலை நிமிர்ந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை."

"வெள்ளிக்கிழமை இங்க வந்தீங்களே."

"ஆமா."

"கீரை குடுத்துட்டுப் போனீங்க."

"ஆமா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். டாக்டர் சிங்காரத்தின் இடுப்பை அமுக்கி, காலை நீட்டி மடக்கி, கண் இமையை இழுத்துப் பார்த்தாள். "இதயம் நல்லாத்தான் இருக்கு. இப்ப வலிக்கு ஊசி போடறேன். சாயங்காலம் ரத்தம் பாத்துட்டு மாத்திரைய ஆரம்பிப்போம். படுத்தே கெடந்ததுல தசை கரைஞ்சிருச்சு, அதனால உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரு வாரம் பாக்கலாம்" என்றாள். நெய் விஷயம் பேசின பெண்ணா இவள் என்று இருந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

தம்பி கதவோரம் வந்து, "அப்ப குழிய மூடிரட்டுமா?" என்று கேட்டார். 

"அக்கா, நீங்க கெளம்புங்க" என்றாள் தனபாக்கியம்.

வீட்டுக்கு வந்து இவரிடம், வெள்ளிக்கிழமை சொன்னதும் நேற்றுச் சொன்னதும் பொய் என்று சொன்னேன். "அங்க சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

டிசம்பர் 24, செவ்வாய்

குரூப்பில் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது இது: "பூரி நடந்தது டாக்டர் கொடுத்த மாத்திரையில். என் பொடியில் இல்லை. நான் சொன்னதைக் கேட்டு யாராவது நாய்க்கு மருந்தை நிறுத்தியிருந்தால் தயவுசெய்து இன்றே டாக்டரைப் பாருங்கள். தப்பு என்னுடையது. கலாமணி."

நாலைந்து பேர் கும்பிடு போட்டார்கள். ஒருத்தி, "அப்ப பருப்புப் பொடி கிடைக்குமாங்க?" என்று கேட்டிருந்தாள். தனபாக்கியம் படித்திருக்கிறாள் என்று மட்டும் காட்டியது.

டிசம்பர் 27, வெள்ளி

பார்க்குக்குப் போகவில்லை. கடைசி வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு மளிகைக்குப் போய்வந்தேன். பூரிக்கு மாத்திரையை இப்போது நானே கொடுக்கிறேன், சாப்பாட்டுக்கு அப்புறம். கூடவே பொடியும் போடலாமா என்று இவரையே டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். அளவாகப் போடலாமாம். எனக்குத்தான் அந்த டப்பாவைத் திறக்கப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

காலையில் இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இவருடைய போன் அடித்தது. என் நம்பருக்கு இல்லை, இவர் நம்பருக்குத்தான். இவருக்குக் காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அண்ணா, தனபாக்கியம் பேசறேனுங்க. சிங்காரம் எந்திரிச்சுட்டானுங்க. இப்பத்தான். செவுத்துல சாஞ்சுதான் நின்னான், ஆனா நின்னான். நின்னுட்டே தண்ணி குடிச்சானுங்க. நடப்பானான்னு தெரியல. டாக்டரு பாக்கலாம்னுதான் சொல்றாங்க."

"ரொம்ப சந்தோசம்மா" என்றார் இவர். 

நான் இட்லித் தட்டைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சத்தம் அங்கே கேட்டுவிடக் கூடாது.

 அவள் போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அக்கா பக்கத்துல இருக்காங்களாண்ணா?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை என்று கையை ஆட்டினேன். அவள் என்ன கேட்டாலும் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

"இல்லம்மா. கடைக்குப் போயிருக்கா" என்றார் இவர்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்கு மனம் நோகக்கூடாது என்று அன்றைக்குப் பன்னில் மாத்திரை வைத்தார், இன்றைக்கு இதைச் சொல்கிறார். அந்த வீட்டுக் கூடத்தில் நான் நின்ற நிற்பு நினைவுக்கு வந்தது.  தட்டை வைத்துவிட்டுப் போய் அவர் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"தனம், இருக்கேன். கடைக்கெல்லாம் போகல. இங்கதான் நிக்கறேன், சொல்லுங்க" என்றேன்.